புத்தகத்தின் முன் பாதி

சாந்தன்பாறை
12-6-1974

அன்புள்ள மயிலாவுக்கு,

செல்லாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே மழையைத் தவிர வேறு குறை இல்லை, நான் சுகம். நீ, அண்ணன், அம்மா, எல்லோருக்கும் மேலாக என் மருமகள் முத்து, அனைவரின் சுகத்துக்கும் எழுது.

அண்ணன் மனைவியை ‘நங்கை’ என்றுதான் எழுத வேண்டும் என்று அம்மா கண்டித்து எழுதியிருந்தார். திருவனந்தபுரம் ஹாஸ்டலில் இரண்டு வருடம் ஒரே வாளித் தண்ணீரைப் பங்கு போட்டுக் குளித்தவளைத் திடீரென்று எப்படி நங்கை என்பது? உன் மேல் கோபம் வரும்போது மட்டும் அப்படி எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துகொள்.

என் அறைக்கு வெளியே ‘வெல்பேர் ஆபீசர்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். குடிக்கிறவன், தூக்கம் வராதவன், பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஏலச் செடிக்குள் ஒளிகிறவன், பேய் பிடித்தவள் என்று எஸ்டேட்டில் யாருக்கு என்ன என்றாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். நாம் படித்த மனோதத்துவத்தில் எந்தப் பக்கமும் வீணாகவில்லை.

நம் காலேஜ் சார் கடிதம் போட்டிருக்கிறார். மைசூரில் குழந்தைகளின் கேள்விப்புலனும் பேச்சும் பற்றி மட்டும் தனியாக ஒரு படிப்பாம். அடுத்த வருடத்துக்கு விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் என்கிறார். காது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆயுசைக் கழிப்பதா என்று எனக்குத் தயக்கம். நினைவிருக்கிறதா, பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் இருவரும் காசு சேர்த்து வாங்கிய அந்தத் தடிப் புத்தகம்? பரீட்சைக்கு முந்தின வாரம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்ததால் நீதான் அதன் முதுகில் கத்தியை வைத்தாய். முன் பாதி உனக்கு: கண், காது, நரம்பு. பின் பாதி எனக்கு: குணம், குடும்பம், சமூகம். இப்போது என்னை உன் பாதிக்குள் இழுக்கிறார் சார். நீ என்ன சொல்கிறாய்?

முத்துவுக்கு அத்தையின் முத்தம்.

உன்
செல்லா

*

கொழிஞ்சாம்பாறை
3-7-1974

அன்புள்ள செல்லாவுக்கு,

மயிலாத்தாள் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மலைக் குளிரில் உனக்கு மூச்சிறைப்பு வராமல் இருக்கிறதா? கம்பளி இல்லாமல் வெளியே போகாதே.

போயேன் மைசூருக்கு! தயக்கம் என்ன தயக்கம்? உன் வழக்கமே எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொறிப்பதுதான். ஹாஸ்டல் மெஸ்ஸில்கூட எதையும் முழுசாகச் சாப்பிட்டவளா நீ? ஒன்றையாவது அடி வரை போய்த் தெரிந்துகொள். இந்தச் சந்தர்ப்பம் எனக்கு வந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். லேபில் நான் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டித் தட்டி அட்டெண்டரிடம் திட்டு வாங்கியதை மறந்துவிட்டாயா? அந்த வாசனையெல்லாம் இப்போதும் மூக்கில் இருக்கிறது, ஸ்பிரிட்டும் பழைய மர மேசையும். சில நாள் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருக்கும்போது வந்துவிடும். அப்போது கொஞ்சம் அழுகை வரும். அதற்கென்ன.

கிணற்றுக்கு மோட்டார் வந்துவிட்டது. உன் அண்ணன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஊரையே கூட்டிவிட்டார். முத்துவுக்கு அதுதான் உயிர். மோட்டார் அறைத் தரையில் வெறுங்காலோடு நிற்பாள். சுவிட்சைப் போட்டதும் கையைத் தட்டிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. மற்றபடி சாதுவான குழந்தை. கூச்சல் கிடையாது, பிடிவாதம் கிடையாது.

உன் எஸ்டேட்டுப் பிள்ளைகள் எல்லாம் எந்த வயசில் பேசத் தொடங்குகிறார்கள்? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
மயிலா

*

சாந்தன்பாறை
28-8-1974

அன்புள்ள மயிலாவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீங்கள் எல்லோரும் நலமா?

எங்கள் பிள்ளைகள் ஒன்றரை வயசில் நம்மைப் பேசவிடாமல் அடித்துவிடுகிறார்கள். ஏன் கேட்டாய்?

மைசூர் விஷயத்தில் என் மனசு இன்னும் ஒப்பவில்லை. ஒரு கேஸ் சொல்கிறேன். குருவம்மாள் என்று ஒரு பெண், பத்தொன்பது வயசு, போன தையில் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்கு வந்தவள். மாமியார் சாந்தம்மாள் என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். “நூறு மட்டம் கூப்பிட்டாலும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கா டீச்சர். திமிரா, இல்ல எதும் காத்துக் கருப்பான்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள். என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் அவள் வீட்டுக்குப் போனேன், அவளோடு உட்கார்ந்து ஏலக்காய் ஆய்ந்தேன். தாய் வீட்டைப் பிரிந்த ஏக்கம். மலை, குளிர், இருட்டு. கணவன் பிச்சைமணி நல்லவன், ஆனால் அம்மாவுக்குப் பயந்தவன். இத்தனையும் சேர்ந்து ஒருத்தியை வாயடைக்கச் செய்யாதா? இதைக் காது, மூக்கு என்று பிரித்துப் படித்தவன் கண்டுபிடிப்பானா? மனுஷியை முழுசாகப் பார்க்க வேண்டும். இதுதான் என் கட்சி. நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும், வா.

முத்து இப்போது என்னவெல்லாம் சொல்கிறாள்? அத்தை பெயர் வருகிறதா?

உன்
செல்லா

*

கொழிஞ்சாம்பாறை
9-12-1974

அன்புள்ள செல்லாவுக்கு,

வீட்டில் யாவரும் நலம். உன் நலனுக்கு மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடலை பறிப்பு, அப்புறம் ஆட்கள் சமையல், அப்புறம் அத்தைக்கு, அதான் உன் அம்மாவுக்கு, முழங்கால் வலி. பேனாவைத் தொடவே நேரமில்லை.

சண்டைக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. மைசூருக்குப் போகாதே. ஒரே ஒன்றைப் படித்தவனுக்குப் பார்க்கிற இடமெல்லாம் அதுதான் தெரியும். ஒரு குழந்தை கொஞ்சம் தாமதித்தால் உடனே ஒரு பெயர் வைத்துவிடுவான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் குழந்தை எங்கே தெரியும்? பெயர்தான் தெரியும். நீ இருக்கிறபடியே இரு. எல்லாவற்றையும் பார்.

வேறு விசேஷமில்லை. முத்து நலம்.

மயிலா

*

சாந்தன்பாறை
14-1-1975

அன்புள்ள மயிலாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். நான் சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுதியது நீதானா? ட்யூனிங் ஃபோர்க் மயிலாத்தாளா? போயேன் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் துரத்தியவள் இப்போது கையைப் பிடித்து நிறுத்துகிறாய். உனக்குள் என்ன நடந்தது?

இதில் வேடிக்கை, நீ என் கட்சிக்கு வந்த நேரத்தில் நான் அதை விட்டுவிட்டேன். எஸ்டேட் முகாமுக்கு ஒரு காது டாக்டர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, டீ குடித்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். நான் குருவம்மாளையும் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு ட்யூனிங் ஃபோர்க், ஒரு டார்ச். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. “இந்தக் குட்டிக்கு ரெண்டு காதும் போச்சு. எதிரில் நின்னு பேசினா உதட்டைப் பார்த்து ஒப்பேத்துது” என்றார். சின்ன வயசில் வந்த காய்ச்சலாம்.

பெண் பார்க்கப் போனபோது தலை நிமிரவே இல்லை, பதிலே பேசவில்லை, அடக்கமான பெண் என்று அதற்காகவே பிடித்துப்போனதாம் சாந்தம்மாளுக்கு. பெண் பார்க்கையில் எந்தப் பெண்ணிடம் யார் பதில் எதிர்பார்க்கிறார்கள்?

மயிலா, நான் சொன்ன காரணம் எதுவும் பொய்யில்லை. ஏக்கமும் உண்மை, மாமியாரும் உண்மை. எல்லாம் அழகாகப் பொருந்தியதால்தான் காதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. அதே சமயம், டாக்டர் ஜீப் ஏறிப் போனதும் சாந்தம்மாள் “ஏமாத்திக் கட்டிட்டாவ, ஊருக்கு அனுப்பிருவேன்” என்று நின்றபோது அவளிடம் பேசி, பிச்சைமணியிடம் பேசி, குருவம்மாளை இங்கேயே இருக்கவைத்தது என் பின் பாதிப் புத்தகம்தான். இரண்டும் வேண்டியிருக்கிறது. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் மைசூருக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

உன் முன் பாதியில் காதுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்குமே, படத்தோடு? அதை மட்டும் தபாலில் அனுப்பு. அண்ணன் அழைத்து எழுதியும் முத்துவின் காது குத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய வருத்தம். எப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது.

உன்
செல்லா

*

கொழிஞ்சாம்பாறை
16-2-1975

அன்புள்ள செல்லாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

காது குத்து மாகாளியம்மன் கோயிலில் சிறப்பாக நடந்தது. நீ வராதது ஒன்றுதான் எல்லோருக்கும் குறை. என் தம்பி கந்தப்பன் கோயமுத்தூரிலிருந்து தங்கத் தோடும் சீர் வரிசையும் கொண்டுவந்தான். மொத்தம் மூன்று குழந்தைகளுக்குக் குத்து. மேளக்காரர் முதல் அடி அடித்ததுமே மற்ற இரண்டும் வீரிட்டு ஆகாசத்தைப் பிளந்துவிட்டன. நம் முத்து உன் அண்ணன் தோளில் தூங்கினாள் பார், காதோரத்தில் நாயனம் ஊதியும் அசையவில்லை. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “பாரு அம்மிணி, என்ர பேத்தி ராசாத்தியாட்டத் தூங்கறா! மேளத்துக்கு அஞ்சற சாதியா இது!” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் திருஷ்டி கழிக்கச் சொன்னார்கள். கழித்தேன். ஊசி பட்டபோதுதான் அழுதாள்.

வசம்பு உரசி நாக்கில் தடவினால் பேச்சு சீக்கிரம் வரும் என்று கோயிலில் ஒரு அம்மா சொன்னார். தடவுகிறோம்.

மைசூர் போவதும் போகாததும் உன் இஷ்டம். புத்தகம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பரணில் தேட வேண்டும்.

மயிலா

*

சாந்தன்பாறை
4-3-1975

என் மயிலா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். சாதுவான குழந்தை. கூச்சல் கிடையாது. எந்த வயசில் பேசுவார்கள் என்று சும்மா ஒரு கேள்வி. அப்புறம் மூன்று மாத மௌனம். நாயனத்துக்கு அசையாத தூக்கம். வசம்பு.

முத்துவுக்கு இரண்டு வயசு தாண்டிவிட்டது. முத்து பேசுகிறாளா மயிலா? நான் கேட்டதற்கு நீ இதுவரை பதிலே சொல்லவில்லை. அவளுக்கு முதுகுப் பக்கமாக நின்று, நிழல் விழாமல், ஒரு முறை கூப்பிட்டுப் பார். அவ்வளவுதான் கேட்கிறேன். இந்த வயசில் ஒவ்வொரு மாதமும் அருமையான மாதம். அது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

உன்
செல்லா

*

கொழிஞ்சாம்பாறை
20-3-1975

நாத்தனார் செல்லாத்தாள் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

என் மகள் மோட்டார் போட்டதும் சிரிக்கிறாள். திரும்பி நின்றிருந்தாலும், கண்ணை மூடியிருந்தாலும் சிரிக்கிறாள். காது கேட்காத குழந்தை அப்படிச் சிரிக்குமா? கட்டை வண்டி வாசலுக்கு வரும் முன்பே எழுந்து ஓடுகிறாள். இதற்கு மேல் யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டும்?

என் மகள் உங்கள் எஸ்டேட் கேஸ் இல்லை. இது பற்றி உங்கள் அண்ணனுக்கோ அத்தைக்கோ தனியாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மயிலாத்தாள்

*

சாந்தன்பாறை
2-4-1975

அன்புள்ள நங்கை அவர்களுக்கு,

அடையாளம் தெரிகிறதா? எனக்கும் கோபம் வந்திருக்கிறது. ஆனால் நீண்ட நேரம் நிற்கவில்லை.

மயிலா, அவளைத் தரையில் நிற்கவிடாதே. தொட்டிலில் போடு, இல்லை அண்ணன் தோளில் வைத்துக்கொள்ளச் சொல். அப்புறம் மோட்டாரைப் போட்டுப் பார். இதற்கு நீ எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. யாருக்கும் எழுத மாட்டேன், சத்தியம்.

குருவம்மாள் இப்போது என்னோடு சிரித்துப் பேசுகிறாள். எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். சாந்தம்மாள் மருமகளைக் கூப்பிட வேண்டுமென்றால் முன்னால் போய் நின்று கையை ஆட்டுகிறாள். “என்ன செய்ய டீச்சர், பழகிட்டு” என்கிறாள்.

எப்போதும் உன்
செல்லா

*

கொழிஞ்சாம்பாறை
11-6-1975

செல்லா,

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

முத்துவுக்குக் காது கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காக எத்தனை தாளைக் கிழித்தேன் தெரியுமா?

உன் கடிதம் வந்த அன்றே உன் அண்ணன் தோளில் அவள் இருந்தபோது நான் போய் சுவிட்சைப் போட்டேன். அவள் என் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கித் தரையில் விட்டதும் சிரித்தாள். காலில் அதிர்வு ஏறுவதற்குத்தான் இத்தனை நாளும் சிரித்திருக்கிறாள். வண்டியும் அப்படித்தான். அதிர்வு வேறு, கேட்பது வேறு என்று லேபில் உன் கன்னத்து எலும்பில் ஃபோர்க்கை வைத்துப் பாடம் நடத்தியவளே நான்தானே. எனக்கா தெரியாது?

போன ஆடியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. புத்தகம் பரணில் இல்லை. தலையணைக்கடியில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் தினமும் படிப்பேன், பிறகு மூடி வைத்துவிட்டு மோட்டாருக்குச் சிரிக்கிறாளே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். உன்னை மைசூருக்குப் போகாதே என்றதும் அதனால்தான். நீ படித்துவிட்டு ஒரு நாள் விடுமுறைக்கு வந்து வாசலில் நின்று முத்துவை ஒரு பார்வை பார்ப்பாய். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன்.

எல்லாவற்றையும்விட உன் அண்ணனை நினைத்துத்தான் தயங்கினேன். தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கும்போதெல்லாம் அவளோடு ஓயாமல் பேசுவார். “அம்மிணி, இந்தக் கொய்யா உன்ர கண்ணாலத்துக்குக் காய்க்கும்ங்கறேன், பாரு” என்பார். அந்தப் பேச்சை நான் எப்படி நிறுத்துவேன் செல்லா?

நேற்று சொல்லிவிட்டேன். மோட்டார் அறைப் படியில் போய் உட்கார்ந்தார். “நான் பேசுனது ஒண்ணுமே அவளுக்குப் போவலையா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் எழுந்து வந்து அவளை எதிரில் நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பேசத் தொடங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வந்துவிடு செல்லா. வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போ.

மயிலா

*

சாந்தன்பாறை
17-6-1975

என் மயிலா,

சுகமெல்லாம் நேரில் விசாரித்துக்கொள்ளலாம். மைசூரில் இடம் கிடைத்துவிட்டது, இங்கே ராஜினாமா கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை போடி இறங்கிப் பொள்ளாச்சி வழியாக வருகிறேன். நாம் நான்கு பேரும் சேர்ந்தே மைசூர் போகிறோம். குழந்தையைப் பரிசோதிப்பதோடு அம்மாக்களுக்கும் அங்கே சில மாதம் பயிற்சி உண்டு என்று சார் எழுதியிருக்கிறார். நீ மறுபடியும் லேபில் நிற்கப் போகிறாய்.

முன் பாதியை எடுத்து வை. பின் பாதியை நான் கொண்டுவருகிறேன்.

செல்லா

*

கொழிஞ்சாம்பாறை
8-11-1975

அன்புள்ள செல்லாவுக்கு,

மைசூர்க் குளிருக்குக் கம்பளி அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா? ஹாஸ்டல் சாப்பாட்டை இந்தத் தடவையாவது முழுசாகச் சாப்பிடு. நாங்கள் மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம்.

புறப்படுகிற அன்றைக்குத்தான் கைக்கு வந்த முத்துவின் காது கேட்கும் பெட்டிக்கு அத்தையே பூப்போட்ட துணியில் ஒரு பை தைத்துக்கொடுத்தார். முத்து அதை நெஞ்சில் தொங்கவிட்டு, ஒயரைக் காதில் செருகிக்கொண்டு வாசலெல்லாம் நடக்கிறாள். ஊரில் கேட்கிறவர்களுக்கு அத்தை, “மைசூருக்குப் போயி வாங்கியாந்த புது நகைங்க” என்று சொல்லிவிடுகிறார். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து நான் தினமும் பாடம் நடத்துகிறேன். அங்கே சொன்னதை அப்படியே செய்கிறேன். ஆனால் அவளுக்குக் கோபம் வருவதும், வெட்கம் வருவதும், உன் அண்ணனைப் பார்த்தால் மட்டும் பாடத்தை விட்டு ஓடுவதும் அந்த அத்தியாயத்தில் இல்லை. அதற்கு உன் பாதியைப் புரட்டுகிறேன். இரண்டையும் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்துவிட்டேன், கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது.

உனக்கு எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். வந்த மறுநாள் காலையில் உன் அண்ணன் அவளை மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். “என்னுங் அம்மிணி, உன்ர மோட்டாரைப் போட்டறலாமா?” என்று எதிரில் குந்திக் கேட்டார். அவள் வழக்கம்போல வெறுங்காலோடு தரையில் நின்று, சிரிக்கத் தயாராக அவரையே பார்த்தாள். சுவிட்சைப் போட்டார்.

அலறிவிட்டாள் செல்லா. அப்படி ஒரு பயம். ஓடிவந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டு அழுதாள், அன்றைக்குக் கோயிலில் மற்றக் குழந்தைகள் அழுதார்களே, அதேபோல. உன் அண்ணன் பதறிப்போய் சுவிட்சை அணைத்தார்.

சத்தம் நின்றது. அவளும் சட்டென்று நிறுத்தினாள். பெட்டியைத் தொட்டாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வேண்டுமென்றே, இன்னொரு முறை அழுது பார்த்தாள். நிறுத்தினாள். மறுபடி அழுதாள். தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள் செல்லா.

உன் அண்ணன் அதன் பிறகு மோட்டாரைப் போடவே இல்லை. படியில் உட்கார்ந்து அவள் அழுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கடலைக் காட்டுக்குத் தண்ணீர் பாயவில்லை.

உன்
மயிலா